சுங்குடி முதுகு

கோஹாகுவில் தொடங்குகிற ரசனை எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் கோஹாகுவுக்கே திரும்பி வரும் என்று கோய் என்னும் வண்ணக் கெண்டைகளை வளர்ப்பவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. வெண்மையின்மேல் செம்மையை எடுத்து வைத்த அந்தச் சௌந்தரியத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆயினும், கல்யாண வீட்டு வாசலில் பட்டுடுத்திப் பன்னீர் தெளிக்கிற பெண்ணை ஊரே பார்த்துவிட்டுப் போகும். பின்கட்டில் சுங்குடிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நூறு காரியங்களை ஓசைப்படாமல் கவனித்து வருகிறவளைக் காண்பதற்கு வேறொரு கண் வேண்டும் என்பது என் பட்சம். அந்தக் கண்ணுக்கு அகப்பட்டவள்தான், 11 வருஷம் எங்கள் தொட்டியில் வாழ்ந்து, சென்ற ஐப்பசியில் ஒரு விடியற்காலை போய்ச் சேர்ந்த என் அசாகிக் கோய்.

வீட்டில் அவளுக்குச் சுங்குடி என்றே பெயர். என் மனைவி வைத்தது. வேடிக்கை என்னவென்றால், ஜப்பானியருடைய புத்தியும் இதே வழியில்தான் போயிருக்கிறது. அசாகியில் நருமி என்று ஒரு வகையைப் பிரித்தவர்கள், நருமி என்ற ஊரில் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றுகிற துணியை நினைத்தே அந்தப் பெயரை இட்டார்கள். மதுரையில் துணியைச் சின்னஞ்சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து அவிழ்க்கும்போது முடிச்சிருந்த இடம் மட்டும் வெளுத்துக் கண் திறக்கும். சுங்குடியின் முதுகிலோ ஒவ்வொரு செதிலும் நடுவில் ஆழ்ந்த நீலமாய்த் தொடங்கி, விளிம்புக்கு வர வர வெளுத்து, தோளிலிருந்து வால்வரைக்கும் ஒரு வரிசைகூடப் பிசகாமல் வலை விரித்திருந்தது. அங்கே நடுவில் வெண்மை, இங்கே ஓரத்தில் வெண்மை; வேற்றுமை அவ்வளவே. தலை, பால் கலந்த நீலம். வயது ஏற ஏற அசாகியின் தலையில் கரும்புள்ளி விழுவது வழக்கம். இவளுக்குக் கடைசிவரையில் ஒன்றுகூட விழவில்லை என்றால் அது என் சாமர்த்தியம் அல்ல, அவள் பிறப்பின் விசேஷம்.

செம்மையைப் பற்றித்தான் நண்பர்களோடு எனக்கு ஓயாத வழக்கு. கன்னங்களிலும், மார்புத் துடுப்பின் அடியிலும், வயிற்றோரத்திலும் சிவப்பு இருக்கவேண்டும், பக்கக் கோட்டைத் தாண்டி அது மேலேறலாகாது என்பது லக்ஷணம். சுங்குடிக்கு ஆறாவது வயதில், இடப்பக்கத்தில் மட்டும், அந்தச் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறிற்று. ஷோவா வகைக் கோயின் பிரியரான நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, இனி இது போட்டிக்கு உதவாது என்று கைவிரித்தார். போட்டிக்கு யார் அனுப்பப் போகிறார்கள்? வலப்பக்கத்தில் சாஸ்திரத்தை அநுசரித்தவள் இடப்பக்கத்தில் தன்னிஷ்டத்துக்குச் சற்றே இடம் கொடுத்தாள் என்றுதான் நான் எண்ணினேன். மேலேயிருந்து பார்க்கவேண்டிய மீன் அல்லவா? நேரே வரும்போது முதுகின் நீலம் ஒன்றுதான் தெரியும். தொட்டியின் மூலையில் உடம்பை வளைத்துத் திரும்புகிற அந்தக் கணத்தில், குத்துவிளக்கின் திரியைத் தூண்டிவிட்டாற்போல, இடப்பக்கச் சிவப்பு ஒரு தரம் மேலெழும்பிக் காட்டிவிட்டு மறையும். அதற்காக நான் காத்திருந்த சாயங்காலங்களுக்குக் கணக்கில்லை. கோஹாகுவின் சிவப்பு எந்நேரமும் கண்முன் நிற்பது. அசாகியின் சிவப்போ காத்திருந்தவனுக்குக் கிடைப்பது.

குலத்திலும் அவள் எளியவள் அல்லள். ஜப்பானில் நிகாட்டாவின் மலைக்கிராமங்களில் பனிக்காலத்து ஆகாரத்துக்கென்று குடியானவர்கள் வளர்த்த கறுத்த கெண்டைகளிடையே அபூர்வமாகத் தோன்றிய நிறங்களைச் சுமார் 200 வருஷம் பொறுக்கிப் பொறுக்கிப் பேணியதன் பலனே நாம் இன்று காணும் இந்த ஜாதிகள் எல்லாம்; 1914-இல் டோக்கியோவின் பொருட்காட்சியில் வைத்த பிறகே அவற்றின் கீர்த்தி வெளியில் பரவிற்று. அசாகியின் வம்சம் அந்தக் கீர்த்திக்கு முந்தியது. 1910 வாக்கில் ஷூசுய் என்ற வகையை உண்டாக்கியவர்கள் அசாகியைத்தான் ஜெர்மன் கண்ணாடிக் கெண்டையோடு சேர்த்தார்கள். அந்த ஜெர்மன் சம்பந்தி 1939-இல் இலங்கையிலிருந்து நம் நீலகிரிக்கும் வந்து இறங்கினார். என்ன செய்வது, உதகையில் அவரை யாரும் நிறம் பார்த்து ரசிக்கவில்லை, குழம்பில் போட்டுத்தான் ரசித்தார்கள்.

சுங்குடியை நான் கொளத்தூரில் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். அப்போது அவள் ஒரு சாண்கூட இல்லை. நான் கைகாட்டிய குஞ்சை அவர் வலையால் தூக்காமல், தண்ணீரோடு தண்ணீராக ஒரு வெள்ளை எனாமல் பேசினில் மொண்டு, அதைத் தரையில் வைத்து, எதிரே குந்திக்கொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. விலையை எவ்வளவு ஏற்றலாம் என்று யோசிக்கிறார் போலும் என்று எண்ணி, “என்னங்க, கொடுக்க மனசில்லையா?” என்று கேட்டேன். “அவசரமா சார்?” என்றார், தலையைத் தூக்காமலே. முதலில் சொன்ன விலையைத்தான் கடைசியிலும் வாங்கிக்கொண்டார். அவர் எதைப் பார்த்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மூன்று நாள் தொடர்ந்து மூடாக்கு. தொட்டி நீர் பாசியேறிப் பச்சையாய் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபில்டரைக் கழுவலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சுங்குடி தண்ணீர் விழுகிற குழாயின் வாய்க்கு நேராக, தலையைச் சற்றே உயர்த்தி, அசையாமல் நின்றாள். குற்றாலத்தில் அருவிக்கடியில் நிற்பவர்களைப்போல் சுகமாக நீராடுகிறாள் என்று எண்ணி அரைமணி நேரம் உட்கார்ந்து ரசித்தேன். அவ்வளவு நேரம் அந்த முதுகு ஓரிடத்தில் நின்று எனக்குக் காட்சி கொடுத்ததே இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு மின்சாரம் நின்றது. மழையிரவின் குளிர்ச்சியில் விசிறி நின்றதுகூடத் தெரியாமல் நான் தூங்கினேன். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று சித்திரையிலேயே வாங்கிப் பரணில் கிடந்தது, சார்ஜ் ஏற்றாமல்.

விடிந்து போய்ப் பார்த்தபோது எட்டு மீன்களும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒன்பதாவதாகிய சுங்குடி சுவரோரத்தில் சாய்ந்திருந்தாள்.

அண்டைவீட்டார் கண்ணேறு என்றார்கள். நண்பர் வைரஸ் என்றார். தீவனத்தில் கோளாறு என்றார் இன்னொருவர். எனக்கு ஐயம் இருக்கவில்லை. உடம்பில் புள்ளி இல்லை, புண் இல்லை. வாய் திறந்து, செவுள் மூடிகள் விரிந்து நின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, போனவள் தொட்டியிலேயே பெரியவள். மீன் பேனோ வெண்புள்ளியோ பொதுவாக நோஞ்சானிடத்தில்தான் முதலில் தலைகாட்டும். மூச்சுமுட்டும் தண்ணீரோ பெரிய உடம்பைத்தான் முதலில் கேட்கும். பகலில் பிராணவாயுவைக் கொடுக்கிற பாசி இரவில் அதையே திரும்ப வாங்கிக்கொள்கிறது. மூடாக்கில் கொடுத்ததோ கொஞ்சம். வாங்கி வாங்கி, விடிவதற்குச் சற்று முந்திய நாழிகையில் கையிருப்பு மிகவும் குறைந்துபோகிறது. போதாததற்கு, 20 டிகிரிக் குளிர்நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்குமானால், நம் ஊரின் 30 டிகிரி நீர் ஏழரைக்குமேல் தாங்காது. இத்தனையும் எனக்கு முன்னமே தெரியும் என்பதுதான் இதில் வெட்கக்கேடு.

ஜப்பானில் ஹனாகோ என்ற கோய் 226 வருஷம் வாழ்ந்து 1977-இல் இறந்ததாக ஒரு கதை உண்டு. அதை நான் நம்புவதில்லை. ஆனால் செவ்வையாக வைத்திருந்தால் 25, 30 வருஷம் இருக்கக்கூடிய மீன் இது. நான் அவளுக்குப் பாதிகூடக் கொடுக்கவில்லை.

துக்கத்துக்கு அவகாசம் இல்லை. எட்டு வாய்கள் மேலே திறந்திருந்தன. ஓட்டம் நின்றுபோன ஃபில்டரில் தேங்கும் நீர் மூச்சற்று அழுகத் தொடங்கிவிடும். ஆகையால் பம்பை நிறுத்தி, அந்த நீரைத் தொட்டிக்குள் விடாமல் சாக்கடையில் போக்கிவிட்டே மறுபடியும் ஓட்டினேன். ஃபில்டரில் குடியிருந்து அம்மோனியாவைத் தின்கிற நுண்ணுயிர்களும் மூச்சுமுட்டி வாடியிருக்கும் அல்லவா? அவை தேறுகிற வரைக்கும் அம்மோனியாவைப் பெருக்கக் கூடாதென்று இரண்டு நாள் பட்டினி, பிறகு ஒரு வாரம் கால்வயிறு. பச்சை நீரில் பிற்பகலில் காரம் ஏறும்; பி.எச். 7-இல் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாகாத அம்மோனியா, 8.5-இல், 30 டிகிரி வெப்பத்தில், ஐந்தில் ஒரு பங்கு நஞ்சாகி நிற்கும். ஒரே அளவு அம்மோனியா காலையில் சாதுவாகவும் மாலையில் கொலைகாரனாகவும் இருப்பதன் ரகசியம் இதுதான். காலையில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதி அடைகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நலம். தினம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினேன். லாரித் தண்ணீராகையால் குளோரினுக்குத் தயோசல்பேட் கலந்தேன். நைட்ரைட் தலைகாட்டியதும், 12,000 லிட்டருக்கு 12 கிலோ கல்லுப்பைக் கரைத்து மூன்று தவணையில் ஊற்றினேன். உப்பு ஆவியாகாது, ஆகவே தண்ணீர் வற்றியதற்காக ஊற்றும்போது உப்புச் சேர்க்கவில்லை, வெளியேற்றி மாற்றியதற்கு மட்டுமே சேர்த்தேன். எட்டும் பிழைத்தன.

காலியான இடத்தை அந்த வாரமே நிரப்பச் சொன்னவர்கள் உண்டு. எட்டு உயிர் சங்கடத்திலிருந்து தேறுகிற தருணத்தில் புதிய மீனைக் கொண்டுவந்து விடுவது, ஜுரம் விட்ட வீட்டில் விருந்தாளியை இறக்குவதுபோல. கோய் ஹெர்பஸ் வைரஸ் பெரும்பாலும் 18 முதல் 28 டிகிரிக்குள் ஆடுவது. நம் ஊர்ச் சித்திரை வெந்நீரில் சுகமாகத் தோன்றுகிற மீனிடம் அது ஒளிந்திருந்து, மார்கழிக் குளிர்ச்சியில் தலையெடுக்கக் கூடும். தனித்தொட்டியில் நாலு வாரமாவது வைத்துப் பார்க்காத மீனை மற்றவற்றோடு விடுவதில்லை என்ற பழைய நியமம் இப்போது எத்தனை வீடுகளில் இருக்கிறது?

நியமங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மனக்குறைகள் நீளும். சாம்பல் பூத்த எந்தக் குஞ்சையும் அசாகி என்று கட்டிக்கொடுக்கிறார்கள். நிறத்தீவனத்தை அள்ளிப் போட்டு, சிவப்பு ஏறுகிறது என்று மகிழ்கிறார்கள். வெண்மை பழுத்துப்போவதை யாரும் காண்பதில்லை. மேலிருந்து காணவேண்டிய ஜாதியைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்துப் பக்கவாட்டில் பார்க்கிறார்கள். நீளத் துடுப்புக்காரர்களுக்கு அது பொருந்தலாம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 500 லிட்டரில் பத்து மீனை விட்டுவிட்டு, வாரம் ஒன்று செத்தால் வாரம் ஒன்று வாங்கிவிடுகிறவர்களோடுதான் சண்டை. மயிலாப்பூர்க் குளத்தில் பொரி போடுகிற குழந்தைக்குக்கூட மீன் மேலே வருவதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. இவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் இந்தக் குறைகளையெல்லாம் நான் பட்டியலிடும்போது, பரணில் கிடந்த பம்பின் ஞாபகம் வந்து என் குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது. ரசிகன் என்று பெயர் வாங்கிய நானும் 11 வருஷம் முதுகைத்தானே பார்த்தேன்? அந்தக் கடைசிச் சாயங்காலத்தில் கண்ணை நாலு விரற்கடை முன்னால் நகர்த்திச் செவுளில் வைத்திருந்தால், அவள் நீராடவில்லை, திணறுகிறாள் என்று தெரிந்திருக்கும்.

இப்போது விடியற்காலை நாலரை மணிக்குக் கைவிளக்கோடு தொட்டியடிக்குப் போகிறேன். அந்நேரத்தில் நிறம் ஒன்றும் தெரிவதில்லை. தெரியாததே நல்லதாயிற்று, செவுள் மூடி எழுந்து அடங்குவது மட்டும் தெரிகிறது. எங்கள் சாகோயின் கணக்கு வேறு, கிழட்டுச் சான்கேயின் கணக்கு வேறு. எட்டின் கணக்கும் இப்போது எனக்கு மனப்பாடம்.

தை பிறந்ததும் கொளத்தூர் போனேன். பெரியவர் இல்லை, காலமாகி மூன்று வருஷம் ஆயிற்றாம். அவர் இடத்தில் ஓர் இளைஞர் இருந்தார். ஓரளவு வலை தெரிகிற அசாகிக் குஞ்சு ஒன்றைக் காட்டி, வெள்ளைப் பேசினில் மொண்டு வைக்கும்படி கேட்டேன். தரையில் குந்திக்கொண்டு, கையில் கடிகாரத்தைப் பிடித்தபடி பார்க்கத் தொடங்கினேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. இளைஞர் பொறுத்துப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, “சரி சார், இருநூறு ரூபா குறைச்சுக் குடுங்க” என்றார்.

அவருக்குப் பதில் சொல்லவில்லை. எண்ணிக்கை தப்பிவிடும் என்று பயம்.