எழுத்தும் ஓவியமும்: சிறுவர் படநூல்கள் பற்றி ஒரு சிந்தனை

குழந்தைக்குப் படம் வேண்டும், பெரியவர்க்கு எழுத்துப் போதும் என்பது நம்மிடையே நிலவும் பொதுக் கருத்து. இவ்விரு நிலைகட்கும் இடையே 8 முதல் 12 வயது வரையுள்ள பருவம் ஒன்று உண்டு என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் தொல்லை நீங்கி, தானே ஒரு நூலை எடுத்துக்கொண்டு தனியிடம் நாடும் பருவம் அது. கொல்கத்தாவில் வாழும் தமிழராகிய நமக்கு இப்பருவம் தனிக் கவலைக்குரியது. நம் வீட்டுச் சிறுவன் இல்லத்தில் தமிழ் பேசுகிறான். பள்ளியில் ஆங்கிலமும் வங்கமும் கற்கிறான். பத்து வயதில் அவன் கை எம்மொழி நூலை விரும்பி எடுக்கிறதோ, பெரும்பாலும் அம்மொழியே பிற்காலத்தில் அவனுடைய படிப்பு மொழியாகிறது. அப்போது தமிழ் நூல் அவனை ஈர்க்கத் தவறுமாயின், தமிழ் அவனளவில் வெறும் பேச்சோடு நின்றுவிடும். ஆதலின், அப்பருவத்தினர்க்கான படநூல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் வினாவை நாம் பொழுதுபோக்காகக் கருதுவதற்கில்லை.

அண்மையில் நம் வீட்டுச் சிறுமி ஒருத்தி தமிழ்க் கதைநூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். திருடன் இடக்கைப் பழக்கமுடையவன் என்பதே அக்கதையில் அவனைக் காட்டிக்கொடுக்கும் தடயம். படத்திலோ அவன் வலக்கையால் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். "படம் போட்டவர் கதையைப் படிக்கவே இல்லை, தாத்தா" என்று கூறி அவள் நூலை மூடிவிட்டாள். நம்மால் மறுமொழி கூற இயலவில்லை. அச்சிறுமி கூறியதே சரியான திறனாய்வு. எழுதுபவர் ஓரிடத்தில் எழுதி முடிக்க, வரைபவர் வேறிடத்தில் அவசரமாக வரைந்தளிக்க, இரண்டையும் அச்சகத்தில் ஒட்டவைத்தால் விளைவது இதுவே.

இதற்கு நேர்மாறான ஒரு மரபு நாம் வாழும் இந்நகரிலேயே மூன்று தலைமுறையாகத் தழைத்தது. உபேந்திரகிஷோர் ரே சௌத்ரி (1863–1915) சிறுவர்க்கென இராமாயணத்தை எழுதிப் படங்களும் தாமே வரைந்தார். மரக்கட்டை அச்சில் அப்படங்கள் உருக்குலைந்து வெளிவந்தன. வேறொருவராயின் அச்சகத்தாரை நொந்துகொண்டு அமைந்திருப்பார். அவரோ 1895-இல் இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, ஹாஃப்டோன் பிளாக் செய்யும் முறையைத் தாமே ஆய்ந்து கற்றார். ஓவியத்தின் ஒளியையும் நிழலையும் சிறிதும் பெரிதுமான நுண்புள்ளிகளாகப் பிரித்து அச்சேற்றும் முறை அது. அதுபற்றி அவர் எழுதிய கட்டுரைகள் இலண்டனின் 'பென்ரோஸ்' ஆண்டுமலரில் இடம்பெற்றன. 1913-இல் அவர் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். வங்கமொழியில் அச்சொல் ஓர் இனிப்புப் பண்டத்தையும் குறிக்கும், செய்தியையும் குறிக்கும். சிறுவர்க்கு அளிக்கும் ஒரு படம் மங்கலாக அச்சாகிவிட்டதே என்று வருந்தி ஒருவர் அச்சுக்கலையையே கற்றார் என்பது நம் எழுத்தாளரும் பதிப்பாளரும் எண்ணிப்பார்க்கத் தக்கது.

அவர் மகன் சுகுமார் ரே (1887–1923) இங்கிலாந்து சென்று அச்சுக்கலை பயின்றவர். அவருடைய 'ஆபோல் தாபோல்' என்னும் பாடல் தொகுதி, அவர் மறைந்த ஒன்பதாம் நாள், 1923 செப்டம்பர் 19 அன்று வெளிவந்தது. அதில் விலங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பாடல் ஒன்றுண்டு. வங்கமொழியில் யானை 'ஹாத்தி', திமிங்கிலம் 'திமி'. இரண்டும் சேர்ந்து 'ஹாத்திமி' ஆகின்றன. முதற்சொல்லின் ஈறும் அடுத்த சொல்லின் முதலும் ஓரெழுத்தாய் அமைந்தமையால் அவ்விலங்கு பிறந்தது. சொல்லில் நிகழ்ந்த இப்புணர்ச்சியைச் சுகுமார் கோட்டிலும் நிகழ்த்திக் காட்டுகிறார். இப்படியொரு பிராணி இருக்க முடியாது என்று அறிவு கூறுகிறது. இதோ இருக்கிறதே என்று படம் கூறுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டுச் சிறுவன் சிரிக்கிறான். பாட்டை நீக்கிவிட்டால் படம் வெறும் விந்தை. படத்தை நீக்கிவிட்டால் பாட்டு வெறும் சொல்விளையாட்டு.

இதனைத் தமிழாக்க முற்படுவோர்க்கு நேரும் இடர்ப்பாட்டில் ஓர் உண்மை விளங்கும். யானையையும் திமிங்கிலத்தையும் தமிழில் அவ்வாறு ஒட்ட இயலாது. ஆனால் ஆமையும் மைனாவும் சேர்ந்தால் 'ஆமைனா'. குருவியும் விலாங்கும் சேர்ந்தால் 'குருவிலாங்கு'. நம் மொழிக்கும் இவ்விளையாட்டு எளிதே. ஆயினும் 'ஆமைனா' என்று எழுதியவுடன் சுகுமாரின் யானைப் படம் நமக்குப் பயன்படாது. ஆமையோட்டின்மேல் மைனாவின் சிறகை விரிக்கத் தமிழறிந்த ஓவியர் ஒருவர் வேண்டும். பிறமொழி நூலின் படங்களை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் பெயர்க்கும் வழக்கம் இத்தகைய நூல்களில் ஏன் சுவை தருவதில்லை என்பது இதனால் புலனாகும். நல்ல படநூலில் சொல்லும் கோடும் ஒரே மொழியில் உடன்பிறந்தவை.

மூன்றாம் தலைமுறையினரான சத்யஜித் ரே (1921–1992) திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்றவர். அத்திரைப்படத்துக்கே ஒரு சிறுவர் படநூல் வித்தாக அமைந்தது என்பதைப் பலர் அறியார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி' புதினத்தைச் சிறுவர்க்கெனச் சுருக்கி 'சிக்னெட்' பதிப்பகம் 1940-களில் வெளியிட்டபோது, அதற்குப் படம் வரையும் பணி இளைஞரான ரேயிடம் வந்தது. எந்நிகழ்ச்சியை வரைவது, எதனை விடுவது என்று கதையை மீண்டும் மீண்டும் படித்து அவர் செய்த தேர்வே, 1955-இல் வெளிவந்த திரைப்படத்துக்கு அடிப்படையாயிற்று. வரைதல் என்பது ஆழ்ந்து படித்தலின் ஒரு வகை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நின்றுபோயிருந்த 'சந்தேஷ்' இதழை 1961-இல் அவர் மீண்டும் தொடங்கி, துப்பறியும் ஃபெலுடா கதைகளை அதில் எழுதித் தாமே படமும் வரைந்தார். துப்பறியும் கதையின் ஓவியர்க்குப் பொறுப்பு மிகுதி. மறைக்க வேண்டியதைக் காட்டிவிடலாகாது. காட்டியதில் பொய்யும் கூடாது. இடக்கைத் திருடனை வலக்கையனாக வரைந்தவர் தவறியது இவ்விடத்திலேதான்.

படம் சிறுவனின் கற்பனையைக் கட்டிப்போடும் என்று கூறுவோர் உளர். எழுத்து ஏற்கெனவே கூறியதையே திரும்பக் கூறும் படத்துக்கு அக்குறை பொருந்தும். எழுத்துக் கூறாததைக் கூறும் படமோ கற்பனைக்கு வாயில் திறக்கும். நம் அகப்பாடல்களில் உள்ளுறை செய்யும் பணியைச் சிறுவர் நூலில் படம் செய்யலாம். தலைவி வெளிப்படக் கூறாததை நீர்த்துறையும் பறவையும் உணர்த்துவது போல, கதைசொல்பவன் கூறாத அச்சத்தை ஒரு கதவின் நிழல் உணர்த்தும். குறிப்பறியும் பயிற்சி அங்கே தொடங்குகிறது.

இருவரும் ஒருவராகவே இருத்தல் வேண்டும் என்பது நம் வாதமன்று. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் எழுதியோர் வேறு, வரைந்தோர் வேறு. ஆயினும் தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடக்கும் காட்சியை, 2020-இல் மறைந்த ஓவியர் சங்கர் வரைந்தவாறே நாம் இன்றும் நினைவில் காண்கிறோம். உள்ளே கதை மாறிக்கொண்டேயிருக்க, தலைப்புப் படம் மாறாது வாயிலில் நின்றது. அதைக் கண்ட அளவிலேயே, முடிவில் ஒரு புதிர் காத்திருக்கிறது என்று நம் மனம் ஆயத்தமாயிற்று. எழுத்தின் போக்கை உணர்ந்து வரைந்த கை அது. தமிழ்ச் சிறுவர்க்கு இத்தகைய செல்வம் இருந்தது. அதனைத் தொடர்வதே இன்றைய கடன்.

ஹாஃப்டோன் பிளாக் இன்று வழக்கொழிந்தது. கணிப்பொறியின் துணையால் எவ்வண்ணப் படத்தையும் எளிதில் அச்சேற்ற இயலும். உபேந்திரகிஷோர் பட்ட தொல்லை நமக்கில்லை. அவர் கொண்ட அக்கறை மட்டும் வேண்டும். ஓவியர் முழுக் கதையையும் படித்தபின் வரைதல், எழுதுபவர் படத்தைக் கண்டபின் தம் வரிகளைக் குறைத்தல், அச்சேறுமுன் பத்து வயதுப் பிள்ளைகள் சிலரிடம் காட்டிக் கருத்தறிதல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவு வைப்பன அல்ல. பெற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளையுடன் அமர்ந்து ஒரு படத்தைச் சற்று நேரம் பார்த்து, "இதில் கதையில் சொல்லாதது எது?" என்று கேட்டல் வேண்டும்.

அன்று நூலை மூடிய சிறுமி, மறுநாள் ஒரு தாளில் அதே திருடனை வரைந்து நம்மிடம் நீட்டினாள். பூட்டு இடக்கையில் இருந்தது. தமிழ் நூலை அவள் இன்னும் கைவிடவில்லை. அவள் கையில் நாம் எதைக் கொடுக்கப்போகிறோம்?