கட்டுகஸ்தோட்டையின் கோச்

கண்டியில் பாடசாலை விளையாட்டு என்று பேச்செடுத்தால் ரக்பிதான் முந்திக்கொண்டு வரும். நித்தவெல, பிராட்பி கேடயம் என்று அரைமணி நேரம் அதிலேயே கரைந்துவிடும். ஒருவழியாகக் கிரிக்கெட்டுக்கு இறங்கினால், திரித்துவக் கல்லூரிக்காரர்கள் சங்கக்காரவின் கவர் டிரைவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அழகான அடிதான், மறுப்பாரில்லை. ஆனால் மகாவலிக் கரையில், புனித அந்தோனியார் கல்லூரியில் கோச்சாக இருந்த சுனில் பெர்னாண்டோவின் கைவேலையை ரசிக்க வேறு கண் வேண்டும்.

குண்டசாலை பிஸ்கட் தொழிற்சாலைக்காரரின் மகன் முரளிதரன் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்தான். பதினான்கு வயதில் அவனை ஓஃப் ஸ்பின் போடச் சொன்னார் பெர்னாண்டோ.

அவ்வளவுதான். ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் பிறகு நடந்ததை, இன்னும் சரியாகச் சொன்னால் நடக்காததை, கவனிக்க வேண்டும். ஓஃப் ஸ்பின்னர் விரலால் திருப்ப வேண்டும் என்பது பாடநூல். முரளியின் பந்து மணிக்கட்டிலிருந்து சுழன்றது. முழங்கையோ பிறவியிலேயே முழுதாக நிமிராதது. பாடநூலைக் கரைத்துக் குடித்த ஒருவரிடம் அந்தப் பையன் சிக்கியிருந்தால், முதல் வேலையாக அந்த மணிக்கட்டைப் பூட்டியிருப்பார். கட்டுகஸ்தோட்டையிலிருந்து அது பூட்டப்படாமலே வெளியே வந்தது. கோச்சின் கலையில் இதைவிடக் கடினமானது உண்டா?

எல்லாம் பிறவிக் கொடை, கோச்சுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதே முழங்கையும் அதே மணிக்கட்டும் மிதவேகம் வீசிய காலத்திலும் அவனிடம் இருந்தனவே!

கடைசி இரண்டு பருவங்களில் நூறுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள், 1990/91இல் பாட்டா நிறுவனத்தின் சிறந்த பாடசாலை வீரர் விருது. பிறகு 1991இல் இலங்கை ஏ அணியோடு இங்கிலாந்துப் பயணம்: ஐந்து போட்டிகள், ஒரு விக்கெட்கூட இல்லை. பள்ளிக்கூட விக்கெட்டுகள் பள்ளிக்கூடத்தோடு சரி என்று உதட்டைப் பிதுக்க அது போதும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், கெத்தாராமவில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதலில் விழுந்தவர் மக்டெர்மொட்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஜோன் வுடன் என்றொரு மகா கோச் இருந்தார். கலிபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. அணியை 12 ஆண்டுகளில் 10 தடவை தேசிய சாம்பியனாக்கியவர். பருவத்தின் முதல் நாளில் வீரர்களை உட்காரவைத்து, காலில் கொப்புளம் வராமல் சொக்ஸ் மாட்டுவது எப்படி என்று பாடம் நடத்துவாராம். சொக்ஸ் வரைக்கும் சொல்லிக்கொடுப்பது ஒரு ஜாதி. மணிக்கட்டை அதன் போக்கில் விட்டுவிடுவது இன்னொரு ஜாதி. முதலாவதைப் புகழ்வது சுலபம், கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது இரண்டும் அருகிவிட்டன. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பையனின் பந்துவீச்சைக் கைப்பேசியில் படமெடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பிசிறுகளையெல்லாம் சீவிவிடுகிறார்கள். எல்லாப் பையன்களும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீசுகிறார்கள். பெற்றோருக்கு இந்த வாரமே விக்கெட் வேண்டும், கல்லூரிக்கு இந்தப் பருவமே கிண்ணம் வேண்டும். இல்லையென்றால் வருகிற ஆண்டு வேறு கோச்.

சீவாமல் விட்ட கைக்கு விலையும் இருந்தது. 1995 டிசம்பரில் மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழு தடவை 'நோ போல்' என்றார். அளவுகோல்களும் ஆய்வுகூடங்களும் வந்து, கடைசியில் முழங்கை நிமிர்வுக்கு எல்லாருக்கும் 15 பாகை என்ற வரம்பு வந்தது.

பிறகு 2007 டிசம்பர் 3. கொலிங்வூட்டின் ஸ்டம்ப் சாய்ந்தது. 709ஆவது விக்கெட், ஷேன் வோர்னின் சாதனை போயிற்று. நடந்த இடம் அஸ்கிரிய, அதாவது திரித்துவக் கல்லூரியின் சொந்த மைதானம். அதே போட்டியில் சங்கக்கார 92, 152 என்று குவித்தார். அந்த டெஸ்டைப் பற்றி ஒரு பழைய திரித்துவக்காரரிடம் கேட்டால் எதை முதலில் சொல்வார் என்று தாராளமாகப் பந்தயம் கட்டலாம்.