அளவும் பண்பும்: நிறமூர்த்த இரட்டிப்பு எழுப்பும் வினா

அளவு மாற்றம் குறித்தவோர் எல்லையிற் பண்பு மாற்றமாகிறது என்னும் எங்கெல்சின் கூற்று நமது விமர்சகர் கையில் பெரும்பாலும் வாய்பாடாகவே வழங்கி வந்துள்ளது. நாமும் அவ்வாறு கையாண்டவர்களே. நீர் கொதித்து ஆவியாவதைக் காட்டி நாவலுக்கும் கவிதைக்கும் தீர்ப்புக் கூறிவிடுவது எளிது. தாவரக் கலத்தில் நிறமூர்த்தங்கள் இரட்டிக்கும் நிகழ்ச்சியோ அவ்வளவு எளிதில் வாய்பாட்டுக்குள் அடங்குவதன்று.

கொல்சிசின் என்னும் நஞ்சு கலப்பிரிவின்போது கதிர்நார்கள் உருவாவதைத் தடுப்பதால், இரட்டித்த நிறமூர்த்தங்கள் பிரிந்து செல்லாது ஒரே கலத்தினுள் தங்கிவிடுகின்றன. 1937 முதல் ஆய்வாளர் இதனைப் பயன்படுத்தி வந்துள்ளனர். பரம்பரையலகுகள் இருமடங்காயின் நொதியங்களும், அவற்றோடு அனுசேபமும் இருமடங்காகும் என எதிர்பார்ப்பது இயல்பே. அல்பல்பா என்னும் தீவனப்பயிரில் 1980களில் நிகழ்ந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. காபனீரொட்சைட்டைப் பதிக்கும் நொதியம் கலமொன்றில் ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஆயின் கலங்கள் பருத்து, இலையில் அவற்றின் எண்ணிக்கை குறைந்தமையால், இலைப்பரப்பின் அலகொன்றுக்குரிய நொதிய அளவு பெரிதும் மாறவில்லை. கூடிய அளவை இலையின் அமைப்பே உள்வாங்கிக்கொண்டது. வேறு தாவரங்களில், வேறு நொதியங்களில், விளைவும் வேறாகும்.

கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை மக்களுக்கு இது அந்நியமான விடயமன்று. கல்லோயா நீரில் விளையும் நெல் 24 நிறமூர்த்தங்களையுடைய இருமடியம். அதே நீர் பாயும் ஹிங்குராணைக் கரும்போ நூறளவில் நிறமூர்த்தங்களைக் கொண்ட பன்மடியம். ஆயினும் அதன் இனிமை எண்ணிக்கையால் மட்டும் வந்ததன்று. காட்டுக் கரும்பும் பன்மடியமே, அதன் தண்டில் இனிப்பு மிகக் குறைவு. இடையில் நிற்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த மனித உழைப்பு. நெல்லை நான்மடியமாக்கியபோது மணி பருத்தது, பதரும் மிகுந்தது. பதரை அளந்து போடியாருக்குக் குத்தகை கொடுக்க முடியாது.

உண்மையான பண்பு மாற்றமும் உண்டு. முள்ளங்கியையும் கோவாவையும் கலந்து பெற்ற மலட்டுக் கலப்பினத்தின் 18 நிறமூர்த்தங்கள் 36 ஆனபோது அது விதை தந்தது. 1920களில் அதனைக் கண்டவர் சோவியத் விஞ்ஞானி கார்ப்பெச்சென்கோ. லைசென்கோவின் செல்வாக்கு ஓங்கிய காலத்தில் அவர் கைதாகி, 1941இல் சுட்டுக்கொல்லப்பட்டார். 1948இல் நிறமூர்த்தக் கோட்பாடே அங்கு விலக்கப்பட்டது. அதுவும் இயங்கியலின் பெயரால். இப்பெயரை நாம் நீண்டகாலம் எழுதாதிருந்தோம். நாவலொன்றில் தொழிலாளர் பாத்திரங்கள் எத்தனை என்று எண்ணி அதன் வர்க்கப் பண்பைத் தீர்மானிக்கும் கட்டுரைகளை மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.