காசி ராஜா கொடுத்த கிணறு

இங்கிலாந்து போய்வந்தேன் என்றதும் எல்லோரும் பிக் பென் பார்த்தாயா, டவர் பிரிட்ஜ் பார்த்தாயா என்றுதான் கேட்கிறார்கள். நானோ ஒரு கிணற்றைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறேன். கிணறு பார்க்கவா விமானம் ஏறிப் போனாய் என்பதுபோல் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்! இன்னொரு முறை டிக்கெட் கிடைத்தால் பிக் பென்னை விட்டுவிட்டு நேரே அந்தக் கிணற்றடிக்குத்தான் போவேன்.

ஊரின் பெயர் ஸ்டோக் ரோ. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், சில்டர்ன் குன்றுகளின் மேலே இருக்கிற சிற்றூர். ரெடிங் நகரத்திலிருந்து நண்பர் தன் காரில் அழைத்துப்போனார். டவுனைத் தாண்டியதும் சாலை ஒற்றையடிப் பாதை மாதிரிக் குறுகிவிட்டது. எதிரே ஒரு வண்டி வந்தால் ஒருவர் பின்னால் போயே ஆகவேண்டும். இருபுறமும் பீச் மரங்கள் கூரை வேய்ந்திருந்தன. மேலே வால் பிளந்த செந்நிறப் பருந்துகள் வட்டமடித்தன. இங்கிலாந்தில் அற்றே போயிருந்த இந்தப் பறவையை 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்களாம். இன்று அண்ணாந்தால் பருந்துதான்.

ஊருக்குள் நுழைந்தோம். ஒரு தெரு, ஒரு சர்ச், வரிசையாகச் சில வீடுகள். இவ்வளவுதானா என்று நினைத்த நொடியில், சாலையோரப் புல்வெளியில், இரும்புத் தூண்கள் தாங்கிய ஒரு குவிமாடம்! அப்படியே காசிப் படித்துறையிலிருந்து பெயர்த்து வந்து வைத்தாற்போல. ஓடிப்போய் உள்ளே பார்த்தால், நீர் இறைக்கும் ராட்டினத்தின் மேல் பொன்முலாம் பூசிய யானை ஒன்று ஒய்யாரமாக நிற்கிறது. ஆங்கிலக் கிராமத்தில் யானை! எனக்குச் சிரிப்பும் வந்தது, மெய்யும் சிலிர்த்தது.

மழைக்குக் குறைவே இல்லாத அந்த நாட்டிலும் இந்தக் குன்றுகளில் தண்ணீர்ப் பஞ்சம் இருந்திருக்கிறது. காரணம் மண். சில்டர்ன் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழையெல்லாம் அதற்குள் இறங்கிப் பாதாளத்துக்குப் போய்விடும். மேட்டில் இருந்தவர்களுக்குக் குட்டைகளும் களிமண் பள்ளங்களும்தான் கதி. கோடையில் அவையும் வற்றிவிடும்.

பக்கத்து ஊரான இப்ஸ்டனைச் சேர்ந்தவர் எட்வர்ட் ஆண்டர்டன் ரீட். நாவலாசிரியர் சார்லஸ் ரீடின் அண்ணன். கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தவர், 1831-இல் ஆஸம்கரில் மக்களுக்காக ஒரு கிணறு வெட்ட உதவியிருக்கிறார். பின்னாளில் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் அவருக்கு நண்பரானார். பேச்சுவாக்கில் ரீட் தன் ஊர்ப்பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தையும் அவரிடம் சொல்லியிருக்கிறார். வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக ஒரு சிறுவன் தன் தாயிடம் அடி வாங்கியதைச் சொன்னார் என்பது ஊரில் வழங்கும் கதை.

ரீட் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். ராஜா மறக்கவில்லை, ஸ்டோக் ரோவில் ஒரு கிணறு வெட்டப் பணம் கொடுத்தார். 1857 கிளர்ச்சியில் அவர் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். அந்த விசுவாசமும் இந்தக் கொடைக்குப் பின்னால் இருந்திருக்கலாம். நான் அதை மறைக்க வரவில்லை. ஆனால் மாளிகையோ சிலையோ அவர் கொடுக்கவில்லை, பெயர் தெரியாத ஏழைகளுக்குக் குடிதண்ணீர் கொடுத்தார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

1863 மார்ச் 10, வேல்ஸ் இளவரசரின் கல்யாண நாளன்று வேலை தொடங்கியது. நான்கே அடி அகலம். ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து தோண்டத்தான் இடம் இருக்கும். அந்தக் குழிக்குள் இறங்கி, கையாலேயே 368 அடி தோண்டியிருக்கிறார்கள்! லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உயரம் 365 அடி. அந்த உயரத்தை அப்படியே இந்தக் கிணற்றுக்குள் இறக்கினால் உச்சிச் சிலுவையும் மூழ்கிவிடும். போர்வெல் வண்டி வந்து நின்று, பகலும் இரவும் தடதடத்து, புழுதி கக்கி இத்தனை அடி இறங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே இறங்கியதோ மனிதனும் மண்வெட்டியும். விளிம்பில் நின்று யோசித்தபோதே எனக்குக் கால் கூசியது.

1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளில் கிணறு திறக்கப்பட்டது. மொத்தச் செலவு 353 பவுண்டு, 13 ஷில்லிங், 7 பென்ஸ். பென்ஸ் வரைக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்களே, அதற்கே ஒரு கும்பிடு! வாலிங்ஃபோர்டின் வைல்டர் கம்பெனி ராட்டினத்தைச் செய்து கொடுத்தது. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஒரு வாளியை மேலே கொண்டுவரப் பத்து நிமிடம் ஆகுமாம். தண்ணீர் இலவசம், எல்லோருக்கும்.

என்னை அசத்தியது கிணற்றைவிட அதைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு. கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று போகவில்லை. காவலாளிக்குப் பக்கத்திலேயே எண்கோண வடிவில் ஒரு குட்டி வீடு. பராமரிப்புச் செலவுக்கு ஒரு செர்ரித் தோட்டம். பழம் விற்ற காசில் கிணறு நடக்கும். நம் கோயில்களுக்கு நிலம் எழுதிவைத்த அதே புத்தி! தோட்டத்துக்கு வைத்த பெயர் ஈஸ்வரி பாக். அந்தப் பெயரைப் படித்ததும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நாயோடு நடந்துவந்த ஒரு பெரியவர் நின்று, இந்தியாவா என்று கேட்டார். ஆம் என்றதும் தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னார், நானே வெட்டிக் கொடுத்ததைப்போல! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாங்கிக்கொண்டேன்.

குழாய்த் தண்ணீர் வந்தபின் கிணறு ஓய்வு பெற்றது. அதற்குள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டது. 1964-இல் நூற்றாண்டு விழாவுக்கு இளவரசர் பிலிப் வந்தார். அன்று கங்கை நீரைக் கொண்டுவந்து இதில் சேர்த்தார்கள். இன்று ஓர் அறக்கட்டளை குவிமாடத்துக்கு வண்ணம் பூசி, யானையின் மெருகு குலையாமல் பார்த்துக்கொள்கிறது.

லண்டன் போகிறவர்களே, ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். பாடிங்டனில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் ரெடிங். அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் ஸ்டோக் ரோ பக்கம்தான். கிணற்றைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. தண்ணீர் பாட்டிலை மட்டும் கையோடு கொண்டுபோங்கள், இப்போது அந்தக் கிணற்றில் யாரும் இறைப்பதில்லை.