உயிரோடு வந்தவனின் கதை

நல்லூரில் ஆண்டுதோறும் செப்ரெம்பர் 15 முதல் 26 வரை திலீபன் நினைவிடத்தில் சுடர் ஏற்றப்படுகிறது. 1987இல் அதே நாட்களில், கந்தசுவாமி கோயில் சூழலில், ஒரு சொட்டுத் தண்ணீரும் அருந்தாமல் நோன்பிருந்து மாண்டவருக்கு ஊர் செய்யும் மரியாதை அது. அவர் இருந்த அதே விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து உயிரோடு திரும்பியவர்களை ஊர் எப்படி நடத்தியது என்று கேட்டால் பலரும் பேச்சை மாற்றுவார்கள். அந்தப் பேச்சை மாற்றவிடாமல் பிடித்து நிறுத்திய படம் அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012).

2009 மே மாதம் போர் முடிந்த பிறகு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்று ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு என்ற பெயரில் தடுத்து வைக்கப்பட்டார்கள். வெலிகந்தை, கந்தக்காடு, பூந்தோட்டம் என்று முகாம்கள். மிகப் பெரும்பாலானோர் நீதிமன்றத்தையே காணவில்லை. தண்டனை இத்தனை ஆண்டு என்று எவரும் சொல்லாததால், அது எந்த நாளில் முடிந்தது என்பதும் அவர்களுக்குத் தெளிவில்லை. ஊர்வாயில் அவர்கள் இன்றும் 'தடுப்பால வந்த ஆக்கள்'தான்.

ஹந்தகம சிங்களவர். ஆனாலும் படம் முழுக்கத் தமிழில் பேசுகிறது. கான் விழாவின் ஆசிட் பிரிவில் காட்டப்பட்டது. நாயகனுக்குப் பெயரில்லை. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றுக்குத் திரும்பி வருகிறான். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவனைக் கணக்குக் கேட்கும் கண்ணோடு பார்க்கிறார்கள். இயக்கத்துக்குப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று பயந்து, அவன் காதலித்த பெண்ணை வீட்டார் அவசரமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இங்கே வில்லன் எவனும் இல்லை. எல்லோருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அந்த நியாயங்கள் ஒன்றோடொன்று வாழ முடியாமல் முட்டுகின்றன. இதுவே படத்தின் பெரும்பலம்.

அதன் உச்சம் என்று நான் கருதுவது வேலை கிடைக்கும் பகுதி. அவனுக்குக் காவலாளி வேலை ஒன்று அமைகிறது. ஆயுதம் தெரிந்தவன் என்பது அங்கே தகுதியாகிறது. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். அவன் வேலை போய்விட்டது. வேலை இழந்தவனின் மனைவி வந்து இவன் முன் நிற்கிறாள். நிரஞ்சனி சண்முகராஜா அந்தப் பெண்ணை அழுகைப் பாத்திரமாக ஆக்காமல் கோபமும் கெட்டித்தனமும் உள்ளவளாக நடித்திருக்கிறார். போர் முடிந்த ஊரில் ஒருவன் எழும்ப வேண்டும் என்றால் இன்னொருவனின் உலையை அணைக்க வேண்டியிருக்கிறது என்பதை எந்த வசனமும் இல்லாமலே அந்தச் சந்திப்பு சொல்லிவிடுகிறது. புனர்வாழ்வு பற்றிய அரச அறிக்கைகளில் இந்த உண்மைக்கு இடமில்லை.

இவ்வளவு தூரம் வந்த படம், பிறகு தடுமாறுகிறது. முதலாளியின் கள்ளக்கடத்தல், இரவுப் பயணம், ஆபத்து என்று கதை குற்றப்படத்தின் பாதையில் திரும்புகிறது. விறுவிறுப்புக் கூடுகிறதுதான். ஆனால் முன்னாள் போராளி எப்படியும் துப்பாக்கிப் பக்கம்தான் போவான் என்ற சந்தேகம் ஊருக்கும் அரசுக்கும் பொதுவானது. அந்தச் சந்தேகத்தைக் கேள்வி கேட்கத் தொடங்கிய படம், தன் கதையோட்டத்துக்கு அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. பேச்சுவழக்கும் யாழ்ப்பாணக் காதுக்குச் சில இடங்களில் இடறும். அது சிறு குறை.

கதையைச் சண்டைப் பக்கம் திருப்பும் குறை ஹந்தகமவோடு நிற்பதில்லை. 2015இல் கானில் தங்கப்பனை வென்ற 'தீபன்' பிரெஞ்சுப் புறநகர் ஒன்றில் ஒரு காவலாளியின் அன்றாடத்தை அத்தனை பொறுமையாகக் காட்டிவிட்டு, கடைசியில் அவனைச் சண்டைக்காரனாக்கியது. நாயகனாக நடித்த ஷோபாசக்தியே இளவயதில் இயக்கத்தில் இருந்தவர். அந்த முகத்துக்குச் சண்டைக்காட்சி தேவைப்படவில்லை. தமிழகத்தின் 'மகாநதி' (1994) சிறையை அவ்வளவு உண்மையாகக் காட்டியும் பழிவாங்கலில்தான் போய் முடிந்தது. சிறை மீண்டவன் வெறுமனே வாழ்வதைப் பார்க்கச் சினிமாவுக்குப் பொறுமை போதவில்லை.

உண்மையில் தடுப்பில் இருந்து வந்தவனின் நாள் எப்படிப் போகிறது? வீட்டுக்கு விசாரணைக்கு ஆள் வரும். இவன் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டில் கேட்பார்கள்: இப்ப என்ன வேலை, ஆரோட பழகிறவர்? அடுத்த நாள் பக்கத்து வீட்டார் படலையில் நின்று பேசுவது குறைந்துவிடும். கலியாணம் பேசினால், "பெடியன் நல்லவன்தான், ஆனா தடுப்பால வந்தவன்" என்று பெண்வீட்டார் இழுப்பார்கள். பெண் போராளி என்றால் அந்த இழுவையும் இல்லை, நேரடி மறுப்புத்தான். உடம்பில் செல் துண்டு இருந்தால் பாரம் தூக்கும் வேலை முடியாது. சொன்னால் கிடைத்த வேலையும் போகும். 'இனி அவன்' கதையை முன்நகர்த்துவது இந்தக் கண்காணிப்பு இல்லை என்பதைப் பெரும் இடைவெளியாகவே காண்கிறேன். 2012இல் இங்கே படமெடுக்க அனுமதி வேண்டியிருந்த ஒருவர் எதைச் சொல்ல முடியும் என்பதையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும்.

'இனி அவன்' நாயகனாக நடித்த தர்ஷன் தர்மராஜ் இல்லாவிட்டால் படத்தின் பிற்பகுதி விழுந்திருக்கும். தோளைச் சற்றுக் குறுக்கி, கேள்வி வந்ததும் பதில் தேடி ஒரு கணம் தாமதிக்கும் அந்த உடல், பலமுறை விசாரிக்கப்பட்டவனின் உடல். 2022இல் அவர் இளவயதிலேயே காலமானது ஈழத்துச் சினிமாவுக்குப் பேரிழப்பு.

தடுப்பில் இருந்து வந்தவனின் அன்றாடத்தை இனிப் படமாக்க வேண்டியவர்கள் இங்கேயே இருப்பவர்கள். இயக்குநர் மதிசுதா பலரிடம் சிறுசிறு தொகை சேர்த்து, கைத்தொலைபேசியில் 'வெந்து தணிந்தது காடு' படத்தை எடுத்துக் காட்டிவிட்டார். ஆகவே கருவி இல்லை என்ற சாட்டு இனிச் செல்லாது. தடை வேறிடத்தில் இருக்கிறது. 2018இல் இயக்கத்தையும் விமர்சித்த ஜூட் ரட்ணத்தின் 'டெமன்ஸ் இன் பாரடைஸ்' ஆவணப்படம் எதிர்ப்பு வந்ததால் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில் இருந்து நீக்கப்பட்டது. அந்தப் படத்தின் பார்வையோடு உடன்படாதவர்கள் பார்த்துவிட்டு மறுத்திருக்கலாம். பார்க்கவே விடாத ஊரில், தடுப்பில் இருந்து வந்த ஒருவர் இயக்கத்தையும் அரசையும் அயலையும் ஒரே கதையில் கேள்வி கேட்கத் துணிவாரா? 'இனி அவன்' போன்ற ஒரு படத்தை நல்லூரில் காட்டி, தடுப்பில் இருந்து வந்தவர்களையே முன்வரிசையில் இருத்தி, எங்கே பொய், எங்கே மெய் என்று சொல்லக் கேட்பதில் இருந்து அந்தத் துணிவுக்கு வழி திறக்கலாம்.