அடியில் இருக்கும் கண்ணாடி

செல்சவ்வின் மாதிரியாகக் கண்ணாடித் தகட்டின் மேல் லிப்பிட் சவ்வைப் பரப்பி ஆய்வு செய்கிறவர்களிடம் குறை சொன்னால் வரும் பதில் ஒன்றுதான்: மாதிரி என்றால் எளிமையாகத்தான் இருக்கும், எளிமைதான் அதன் பலம். அந்தப் பதிலோடுதான் எனக்கு வழக்கு. செல்லிலிருந்து எதையெதை நீக்கினோம் என்று இவர்கள் தாராளமாகச் சொல்கிறார்கள். புதிதாகச் சேர்த்த ஒன்றைப் பற்றி மட்டும் பேச்சில்லை. அது கண்ணாடி.

பலன்களை நான் மறுக்கவில்லை. 1984இல் பிரையனும் மெக்கானலும் காட்டிய வழியில், சுத்தமாகக் கழுவிய கண்ணாடி மேல் லிப்பிட் நுண்குமிழிகளை ஊற்றினால் அவை ஒட்டி, உடைந்து, ஈரடுக்குச் சவ்வாக விரிந்துகொள்கின்றன. துளையின் குறுக்கே கட்டும் கறுப்புச் சவ்வைப் போல இது சட்டென்று கிழிவதில்லை. தட்டையாக இருப்பதால் நுண்ணோக்கிக்கும் வசதி. 1999இல் டி-செல்லின் நோயெதிர்ப்புச் சந்திப்பு உருவாவதைப் படம்பிடிக்க உதவியதும் இதுதான். நல்லது.

ஆனால் சவ்வுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருப்பது ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனுள்ள நீர்ப்படலம். சவ்வை ஊடுருவி நிற்கும் புரதங்கள் பலவற்றின் கீழ்ப்பகுதி அதைவிட நீளம். அது கண்ணாடியில் இடித்து ஒட்டிக்கொள்கிறது. புரதம் நகர்வதில்லை, சில வேளைகளில் உருவமும் சிதைகிறது.

இதை மறைத்துவிடுவது, சவ்வு நலமாக இருக்கிறது என்று காட்டச் செய்யும் அந்தப் புகழ்பெற்ற சோதனைதான். ஒளிரும் லிப்பிட்டைச் சிறிது கலந்து, லேசரால் ஒரு வட்டத்தைச் சுடுகிறார்கள். வட்டம் கறுக்கிறது. சற்று நேரத்தில் சுற்றியுள்ள லிப்பிட் உள்ளே நகர்ந்து வர, கறுப்பு கரைந்துபோகிறது. உடனே "சவ்வில் ஓட்டம் உள்ளது" என்று ஒரு வரி. அதே லேசரைப் புரதத்தின் மேல் பாய்ச்சினால் வட்டம் கறுப்பாகவே நிற்கலாம். அந்தப் படம் கட்டுரைக்குள் வருவது அபூர்வம். வந்தாலும் துணைத் தகவலில் ஒளிந்திருக்கும். திண்ணையில் காற்று வருவதைக் காட்டி உள்ளறைக்கும் சேர்த்துச் சான்றிதழ் வாங்குகிற வேலை இது.

தெரியாமல் நடந்ததென்றும் சொல்ல முடியாது. 1991லேயே எல்எஃப்ஏ-3 என்னும் ஒட்டுப் புரதத்தின் இரு வடிவங்களை இத்தகைய சவ்வில் வைத்துப் பார்த்தார்கள். மேலடுக்கில் மட்டும் நங்கூரமிட்ட வடிவம் நகர்ந்தது. சவ்வை ஊடுருவிய வடிவம் அசையவில்லை. செல்கள் எவ்வளவு உறுதியாக ஒட்டின என்பதும் அதற்கேற்ப மாறியது. அதாவது, விடையையே கண்ணாடி மாற்றிவிடும். மேலே பாராட்டிய 1999ஆம் ஆண்டுப் பரிசோதனையிலும் புரதங்கள் மேலடுக்கில் நங்கூரமிட்டவைதான். சவ்வுக்குப் பொருந்தும்படி புரதத்தை வெட்டித் தைத்த பிறகு கிடைத்த வெற்றி அது.

சவ்வுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போட பாலிமர் மெத்தை இருக்கிறதே என்பார்கள். மெத்தையின் மேல் சில புரதங்கள் நகர்கின்றன, சில நகர்வதில்லை. நகர்கிற புரதங்களிலும் ஒரு பகுதி அசையாமல் கிடக்கிறது. நகரும் பகுதியை அளந்து முழுக்கூட்டத்தின் இயல்பாக எழுதுவதைத்தான் நான் மோசடிக்குப் பக்கத்து வீடு என்கிறேன். கடுமையாகத் தோன்றினால் தோன்றட்டும்.

கட்டுரைகளை மதிப்பிடும் நண்பர்களே, கறுத்த வட்டம் மீண்டும் ஒளிர்வதைக் காட்டும் லிப்பிட்டின் மீட்சி வளைவை மட்டும் இணைத்து வரும் கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள். புரதத்தின் வளைவையும், அதில் அசையாத பங்கு எத்தனை விழுக்காடு என்பதையும் முதற்பக்கத்தில் கேளுங்கள்.