மேசைக்கு அடியில் ஒரு பெயர்

சோழமண்டலம் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் அந்த ஓவியர் கிராமம் உருவாக, கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்கள் செய்து விற்ற காசு கைகொடுத்தது. ஆனால் வரலாற்றில் ஓவியமும் சிற்பமும்தான் ‘கலை’. பாத்திக் சும்மா சோத்துக்கு. தாம்பரத்து மரப்பட்டறையில் ஆசாரி செய்கிற கட்டில் இந்தக் கணக்கிலேயே வராது, அது வெறும் ‘சாமான்’. பயன்பாட்டுக்கும் கலைக்கும் நடுவே கிழித்த இந்தக் கோட்டில் சாதி இருக்கிறது என்று சொல்லப் பெரிய கோட்பாடெல்லாம் வேண்டியதில்லை.

கோட்டை மறுபக்கமிருந்து தாண்டி வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா (1905–1990). அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், கட்டடக்கலை படித்தவர். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியின் கட்டுமானத்தைப் பார்த்துக்கொள்ள 1937இல் புதுச்சேரி வந்தார். விடுதிக்கான மரச்சாமான்களையும் வடிவமைத்தார். அரவிந்தர் ஆசிரமத்திலேயே சேர்ந்து சுந்தரானந்தா ஆனார்.

பிறகு முள்வேலி. 1942இல் அமெரிக்க அரசு சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. மனைவி, கைக்குழந்தையோடு இடாஹோவின் மினிடோகா முகாமுக்குப் போனார் நகாஷிமா. ஜப்பானிய மரபுத் தச்சை அவருக்கு அங்கே கற்றுக்கொடுத்தவர் இன்னொரு கைதி, கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர். படித்த கட்டடக்கலைஞர் தச்சரிடம் கைகட்டி நின்று பாடம் கேட்க ஒரு சிறை வேண்டியிருந்தது. 1981இல் வந்த அவருடைய நூல் மரத்தின் ஆன்மாவைப் பற்றிப் பேசுகிறது. எனக்கென்னவோ அந்த ஆன்மாவைவிட முகாம்தான் முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் அடுத்து பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் அவர் செய்ததைப் பாருங்கள். பலகையின் ஓரத்தை நேராக அறுக்காமல் மரம் வளர்ந்த வளைவோடே விட்டார். வெடிப்பு விழுந்த இடத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டைப் பதித்துப் பிணைத்தார். காயமும் தெரியும், தைத்த இடமும் தெரியும். நம்மூரில் மரத்தூளையும் வச்சிரத்தையும் குழைத்து அடைத்து, மேலே பாலிஷ் போட்டுவிடுவார்கள். வாங்குகிறவர் கண்ணில் காயம் படக்கூடாது! 1960 வாக்கில் அவர் செய்த கோனாய்ட் நாற்காலிக்கு இரண்டே கால்கள். உட்கார்ந்தால் கவிழ்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். கவிழாது. சிற்பம் என்று சொல்லத் தோன்றுவது அந்தப் பயத்தினால்தான்.

பெயர் விவகாரம் வேறு. மேசைப் பலகையின் அடியில் வாங்குகிறவரின் பெயரை எழுதிவைப்பது பட்டறை வழக்கம். செய்தவர் பெயரை முன்னிறுத்தாத அடக்கம் என்று இதைப் புகழலாம். ஆனால் ஏலக்கூடத்தில் விலை ஏறுவது நகாஷிமா என்ற பெயருக்குத்தானே? கூட நின்று இழைத்தவர்கள் பெயர் மேலேயும் இல்லை, அடியிலும் இல்லை. இந்த இடத்தில் நியூ ஹோப்பும் தாம்பரமும் ஒன்றுதான்.

அவர் இறந்தபின் 1996இல் ஒரு பெரிய அமைதி மேசை ஆரோவில் வந்து சேர்ந்தது. பிரம்மாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பீடம் ஆக்கிவிட்டார்கள். எனக்கு அவருடைய பெரிய காரியம் கோல்கொண்டேவில் ஒருவர் படுத்தெழ, துணிமணி வைக்க என்று அவர் யோசித்துச் செய்த அந்தச் சாமான்கள்தான்.